ஐந்தாவது

ஜூலை பதினாலு மதியம்
அணிவகுப்பில் நின்ற சட்டையோடு,
மெடல் கழற்றாமலே வந்துவிட்டார்
சொல்தா அமலோர், வயது எழுபத்தாறு.
கையில் கழுவிய குவார்ட்டர் பாட்டில்.
"பாட்டில்தான் பழசும்மா, சரக்கு புதுசு."
வேறு டப்பா கொடுத்தேன்.
விடிந்ததும் போகிற முதல் நீர் ஆகாது,
ராத்திரி முழுக்க ஊறி செல்கள் நைந்திருக்கும் என்றேன்.
"இது நாலாவது" என்று கழிவறைக்குள் போனார்.
கதவுக்குப் பின்னால் மூன்று மெடல்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்வது
வெகுநேரம் கேட்டது.

மூன்று வாரமாய்ச் சிவப்பாம். வலி இல்லையாம்.
வலித்திருந்தால் முன்பே வந்திருப்பாராம்.

சுழற்றி, அடிவண்டலை எடுத்து,
ஸ்லைடில் பரப்பி, சாயம் ஏற்றி,
மேல் இடது மூலையில் தொடங்கினேன்.
இந்தப் புதுச்சேரித் தெருக்களைப் போலத்தான்:
நேராகப் போய், முட்டுமிடத்தில் திரும்பி,
அடுத்த தெருவில் நேராக வர வேண்டும்.
ஒரு வீடும் விடக் கூடாது.

குடைசெல்கள் கிடந்தன,
பைக்குள் மேல்வரிசையில் நின்று
மூத்திரத்துக்குக் குடை பிடித்தவை.
பருத்த உடம்பு, சிலதுக்கு இரண்டு கரு.
வேலைக்குப் புதிதாய் வந்தவர்கள் இதைக் கண்டு பதறுவார்கள்.
இவை சாது.

பிறகு ஒன்று, உருண்டு, கறுத்து.
கால் தானாக ஸ்டூல் கம்பியில் ஏறிக்கொண்டது.
ஓரத்தைப் பார்த்தேன்: வழவழப்பு.
உள்ளே மங்கிய பால்கண்ணாடி.
வைரஸ் குடிபுகுந்த செல். மாயமான்.
இதன் பின்னால் ஓடியவர்கள் உண்டு,
வீட்டைத் திறந்து போட்டுவிட்டு.

காமராஜர் சாலை வண்டிக்கடையில்
நான் ஆஃப்பாயில் சாப்பிட்டு ஆறு வருடம் ஆகிறது.
மஞ்சள் சின்னதாய், வெள்ளை தாராளமாய் என்றால் சரி.
மஞ்சள் பெருத்துப் பெருத்து
வெள்ளை ஒரு நூல் அகலம் மிஞ்சினால்,
மஞ்சளின் விளிம்பு நசுங்கிய தகரம்போல் மடங்கியிருந்தால்,
உள்ளே கரித்தூள் திட்டுத்திட்டாய்க் கிடந்தால்

ஒன்று.

இரண்டு தெரு தள்ளி இன்னொன்று.
ரத்த அணுக்களின் நெரிசலைத் தாண்டி மூன்று.
கடைசித் தெருவில், ஸ்லைடு முடிகிற இடத்தில், நாலு.

உறுதி என்று எழுத ஐந்தாவது வேண்டும், குறைந்தபட்சம்.
பத்து இருந்தால் நல்லது.
(நல்லது என்று எழுதிவிட்டேன், பாருங்கள்.)
கீழே இருந்தால் சந்தேகம்தான்.
இந்த விதிமுறைக்குப் பெயர் பாரிஸ்.
அங்கே கூடிப் பேச ஆரம்பித்ததால் அந்தப் பெயர்.
அமலோருக்குச் சொன்னால் சிரிப்பார்:
மாசம் பிறந்தால் வருகிற பென்ஷன் அங்கிருந்து,
ஜிபுத்தி வெயிலில் நின்றதற்கான பித்தளை அங்கிருந்து,
இப்போது இதுவும்.

திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன்.
மூன்றாம் முறையும்.
கிடைக்க வேண்டும் என்று தேடினேனா
இல்லை என்று தெரிந்துகொள்ளத் தேடினேனா,
திருகைத் திருகிய விரலுக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
நாலு பேர் மட்டும் தனியாக
ஒரு ஊருக்குக் குடிவருவதில்லை.

டாக்டர் நஸீமா வந்து
நான் மைப்புள்ளி வைத்த நாலு இடத்திலும் நின்றார்.
நாலாவதில் கொஞ்சம் அதிகம் நின்றார்.
"சந்தேகம்னே எழுது.
கேமரா விட்டு உள்ளே பாக்கச் சொல்லு.
அத மட்டும் தடிச்ச எழுத்துல."

வெள்ளிக்கிழமை வந்தார், அதே சட்டை, மெடல் இல்லை.
"சந்தேகமா? எம்மேலயா?"
ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல
எனக்கு அதிகாரம் இல்லை.
இன்றைக்கே போங்கள், நாளைக்கு வேண்டாம் என்று
யூராலஜி டாக்டரின் சீட்டை நீட்டினேன்.
ரிப்போர்ட்டை நாலாய் மடித்து
சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டார்.
பைக்கு மேலே, துணியில்,
மெடல் ஊசி குத்திய துளைகள்.

எண்ணக் கூடாது என்று நினைப்பதற்குள்
எண்ணிவிட்டேன்.